வேல்ஸ்காரரின் பாட்டும் பெரிய மணியும்

1

அன்று சபை மண்டபத்தில் இருந்தவர்கள்:

போதகர். மேசையின் தலைமாட்டில்.

பேக்கரிக்காரர். வேலையுடுப்போடு வந்திருந்தார்.

வாத்தியார்.

வங்கியில் வேலை செய்யும் ஹெர் ரூஃப். ஹெர் என்றால் ஐயா, ஃப்ராவ் என்றால் அம்மா.

பல் வைத்தியர்.

திராட்சைத் தோட்டக்காரர். நடுவிரல் பாதி இல்லை.

கலியாணம் முடிக்காத தையற்கார அம்மா.

ரயிலில் டிக்கெட் பார்த்து ஓய்வு பெற்றவர்.

ஃப்ராவ் ஹேகலே. விதவை. கைத்தடியைக் கதிரையில் சாய்த்து வைத்திருந்தார்.

மூப்பர் சபையின் இந்த ஒன்பது பேருக்கும் கை தூக்கும் உரிமை இருந்தது. உரிமை இல்லாதவர்கள் மூன்று பேர். ஒருவர் கன்டோர். பாடகர் குழுவை நடத்துகிறவரை இங்கே அப்படிச் சொல்வார்கள். அடுத்தது என் மகள் கிரேஸ். எனக்கு மொழிபெயர்க்க வந்தாள். அப்போது பதினைந்து வயது. பிறகு நான்.

ஐந்து கை உயர்ந்தால் நான் அந்தக் கோயிலின் மெஸ்னராக இருக்கலாம். மெஸ்னர் என்றால் கோயிலைத் திறந்து, கூட்டி, மணி அடித்து, பூட்டுகிற ஆள். ஐந்து உயராவிட்டால் வேலை இல்லை. வேலை இல்லையென்றால் பாஸ்போர்ட்டில் அடுத்த முத்திரை விழாது. முத்திரை விழாவிட்டால் மனைவி, மகள், நான், மூன்று பேரும் இந்த நாட்டை விட்டுப் போக வேண்டும்.

மண்டபத்தில் ஹீட்டர் போட்டிருந்தது. எனக்குக் குளிர்ந்தது.

2

இதை இப்போது எழுதுவதற்குக் காரணம் ரேடியோ.

இந்த ஐப்பசியில் ஒரு மத்தியானம் மனைவி றாணி மீன் பொரித்துக்கொண்டு நின்றாள். குசினி ரேடியோவில் கோயில் பாட்டு. அவள் அடுப்பை அணைத்தாள்.

"இஞ்சேருங்கோ, இது உங்கட மணியெல்லே?"

ஓம். என் மணிதான். பாட்டுக்கு நடுவில் பெரிய மணி அடித்தது. அதன் அடியில் ஆட்கள் முணுமுணுக்கிற சத்தம். வெட்டி எறிந்திருப்பார்கள் என்று இத்தனை வருசமும் நினைத்திருந்தேன். எறியவில்லை. பாட்டு முடிந்ததும் ரேடியோக்காரர் எழுதியவரின் பெயரைச் சொன்னார். மணியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

பாட்டு ஒரு வேல்ஸ்காரருடையது. நானூறு வருசத்துக்கு முந்திய மனிதர். புரட்டஸ்தாந்து சபை புதிதாகத் தொடங்கிய காலத்தில் அதற்குப் பாட்டு எழுதியவர். அவருடைய பெயர் என் வாயில் நுழையாது. கிரேஸ் பல தடவை சொல்லித் தந்துவிட்டுக் கைவிட்டாள். நாங்கள் வீட்டில் வேல்ஸ்காரர் என்றே சொல்வோம்.

அதே கிழமை எங்கள் பழைய மிஷன் பள்ளிக்கூடத்திலிருந்து கடிதம் வந்தது. மலர் போடுகிறார்களாம். வெளிநாட்டு அனுபவம் எழுதட்டாம். அங்கே நான் பியோனாக இருந்தவன். படித்ததும் அதே பள்ளிக்கூடத்தில்தான், எட்டாம் வகுப்போடு சரி. பியோனிடம் எழுதச் சொல்லி இதுவரை ஒருவரும் கேட்டதில்லை. எழுதுகிறேன். பிழை இருந்தால் வாத்திமார் திருத்தட்டும்.

இங்கே பேசுகிற ஆட்கள் ஜேர்மன்காரர். அவர்கள் பேசியதை எங்கள் பேச்சில் எழுதுகிறேன். எனக்கு அது தலைக்குள் அப்படித்தான் நிற்கிறது.

3

அறுபத்து மூன்றாம் வருசம் சிலோனிலிருந்து கப்பலில் வந்தோம். கிரேஸுக்கு நாலு வயது. மிஷன் ஆஸ்பத்திரியில் இருந்த ஜேர்மன் நர்ஸ் அம்மா ஸ்டுட்கார்ட் பக்கத்தில் ஒரு நெசவாலையில் வேலை எடுத்துத் தந்தார். நூல் சுற்றுகிற மெசின். பத்து வருசத்துக்கு மேல் அதில் நின்றேன். பிறகு ஆலையை மூடினார்கள். அந்த நேரம் பார்த்து அரசாங்கமும் வெளியாட்களை வேலைக்கு எடுப்பதை நிறுத்தியிருந்தது.

வெளிநாட்டார் அலுவலகத்தில் எங்கள் மேசைக்கு ஒரு கண்ணாடிக்காரர். முன்பெல்லாம் முகம் பார்க்காமல் முத்திரை குத்துவார். அந்த வருசம் பாஸ்போர்ட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதிலே சிலோன் எண்டு கிடக்கு. அப்பிடி ஒரு நாடு இப்ப இல்லை."

நாட்டுக்குப் பெயர் மாற்றியிருந்தார்கள். அது எங்களுக்கும் தெரியும். கிரேஸ் விளக்கினாள். அவர் ஒரு தடித்த புத்தகத்தில் தேடினார். பிறகு கேட்டார்.

"சரி. வேலை?"

"தேடுறம்," என்றாள் கிரேஸ்.

"அடுத்த டெர்மினுக்கு வரேக்கை வேலைக் கடிதம் கொண்டுவாங்கோ. இல்லாட்டி பயணச் சீட்டைக் கொண்டுவாங்கோ."

டெர்மின் என்றால் இன்ன நாள், இன்ன நேரம் வா என்று குறித்துத் தருவது. இங்கே கோயில் பிசாசுக்குப் பயப்படாதவனும் டெர்மினுக்குப் பயப்படுவான்.

வெளியே வந்து டிராமுக்கு நின்றோம். சிறுபிள்ளையாக இருந்தபோது இந்த அலுவலகத்தில் மொழிபெயர்ப்பது கிரேஸுக்கு விளையாட்டு. இப்போது சப்பாத்து நுனியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். என் தமிழையும் அந்த மனிதரின் ஜேர்மனையும் ஒரே வாயால் பேசுவது அவளுக்கு வெட்கம். அது எனக்குத் தெரியும். தெரிந்தும் கூட்டிக்கொண்டு போனேன். வேறு ஆள் இல்லை.

போதகர்தான் காப்பாற்றினார். பழைய மெஸ்னர் மகனோடு இருக்கப் போய்விட்டார். போதகர் ஒரு வருசத் தவணையில் என்னை எடுத்தார். தவணை முடிய மூப்பர் சபை கூடி, கை தூக்கி, நிரந்தரம் ஆக்குவதா என்று முடிவு செய்யும். அதுவரை சமாளிக்க ஒரு கடிதம் தந்தார். கண்ணாடிக்காரர் முத்திரை குத்தினார். அதுவும் ஒரு வருசத்துக்குத்தான்.

4

மணியைப் பற்றிச் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் மற்றது விளங்காது.

இந்தப் பகுதியில் ஒரு வழக்கம். ஆராதனையில் கர்த்தருடைய ஜெபம் சொல்லும்போது கோபுரத்தில் மணி அடிக்கும். ஜெபம் முடியும்வரை அடிக்கும். சனம் முழுக்க எழும்பி நிற்கும்.

நாங்கள் வந்த முதல் ஞாயிறு இது தெரியாது. எல்லாரும் கண்ணை மூடி நிற்கிறார்கள். தலைக்கு மேலே மணி. றாணி என் கையைப் பிடித்தாள்.

"ஆரோ செத்துப்போச்சினமோ? வாங்கோ வெளியில போவம்."

ஊரில் நேரமில்லாத நேரத்தில் மணி அடித்தால் நல்ல சேதி இல்லை. நான் வாசலைப் பார்த்தேன். ஒருவரும் ஓடவில்லை. முடிந்த பிறகு பக்கத்திலிருந்த அம்மா கையைக் காட்டி, மெதுவாகச் சொல்லி விளங்கப்படுத்தினார். அவர்தான் ஃப்ராவ் ஹேகலே. வருத்தத்தில் படுத்திருப்பவர்கள், அடுப்படியில் நிற்பவர்கள், கோயிலுக்கு வர ஏலாதவர்கள் மணியைக் கேட்டு அதே நேரத்தில் அதே ஜெபத்தைச் சொல்லட்டும் என்பதற்காக அடிப்பதாம். அவருடைய புருசன் உலக யுத்தத்தில் காலிழந்து வந்து, சாகும்வரை கட்டிலில்தான். ஞாயிறு தோறும் அந்த மணிக்குத்தான் வாய் அசைத்தாராம்.

பள்ளிக்கூடத்தில் எனக்கு மணி என்றால் கயிறு. காலையில் எல்லாப் பிள்ளைகளும் வரிசையில் நின்று அதே ஜெபத்தை இங்கிலீசில் சொல்வார்கள். எனக்கு இங்கிலீஸ் அந்த ஜெபம் மட்டும்தான். 'ஆமென்' என்றதும் நான் கயிற்றை இழுக்க வேண்டும். முதலாம் பாடம். பிந்தினால் பெரிய வாத்தியார் ஏசுவார். அந்த ஜெபம் கேட்டால் என் கை தானாக எழும்பும். அப்படிப் பழகிய கை.

இங்கே கயிறு இல்லை. போதகர் அங்கி மாற்றும் அறையில் சுவரில் ஒரு சுவிச்சு. பக்கத்தில் சின்ன ஜன்னல். அதால் பீடம் தெரியும். பெரிய மணி சுவிச்சைப் போட்டவுடன் அடிக்காது. மேலே மோட்டார் இழுத்து, மணி ஆடத் தொடங்கி, நல்லாய் ஆடிய பிறகுதான் நாக்கு படும். அதனால் போதகர் ஜெபத்துக்கு மூச்செடுக்கும்போதே போட்டுவிட வேண்டும். நிறுத்துவதும் அப்படித்தான். சுவிச்சை அணைத்தாலும் மணி தன் பாட்டில் ஆடி ஓயும்வரை அடிக்கும். அதைக் கையால் பிடிக்க ஏலாது.

இதை மறக்க வேண்டாம்.

5

வேல்ஸ்காரரின் பாட்டைக் கன்டோர் அந்த வருசம் இளவேனிலில் தொடங்கினார். வியாழன் பின்னேரம் பயிற்சி. கிரேஸ் இரண்டாம் குரலில் பாடினாள். வீட்டில் தமிழ்ப் பாட்டு என்றால் அறைக் கதவைச் சாத்துகிறவள், இங்கிலீஸ் பாட்டைக் குளிக்கும்போதும் பாடினாள்.

நான் கதிரை அடுக்குவேன். கன்டோர் பாட்டை நிறுத்தி நிறுத்திக் கதை சொல்வார். பாடகர்களுக்குப் பாட்டின் வரலாறு தெரிய வேண்டும் என்பார். ஒரு நாள் சொன்னது எனக்குள் போய்விட்டது.

அந்த வேல்ஸ்காரர் லண்டனில் கோயில் ஓர்கன் வாசித்தவராம். பழைய ராசா இருக்கும்வரை கோயிலில் எல்லாம் லத்தீன். அந்த ராசா போய் மகன் வந்தான். இனி இங்கிலீசில்தான் பாட வேண்டும், சனத்துக்கு விளங்க வேண்டும் என்று கட்டளை. வேல்ஸ்காரர் இங்கிலீசில் எழுதினார். அந்தப் பையன் ராசா சீக்கிரம் செத்துப்போனான். மூத்த அக்கா வந்தாள். திரும்ப லத்தீன். இங்கிலீஸ் வேதத்தை விடாதவர்களை உயிரோடு கொளுத்தினார்கள். அவளும் போய் இளையவள் வந்தாள். திரும்ப இங்கிலீஸ்.

"அப்ப எழுதின தாளுகளை என்ன செய்திருப்பார்?" என்று ஒரு பாடகர் கேட்டார்.

"ஆருக்குத் தெரியும்? ஒளிச்சிருக்கலாம். எரிச்சிருக்கலாம். எங்களுக்கு வந்து சேர்ந்தது கொஞ்சம்தான்."

நான் கதிரையோடு நின்றேன். எனக்குக் கேட்க வேண்டும் போல இருந்தது. என் ஜேர்மன் மோசம். என்றாலும் கேட்டேன்.

"அவருக்கு வேலை போகேல்லையோ?"

பாடகர்கள் திரும்பிப் பார்த்தார்கள். கிரேஸ் தாளால் முகத்தை மறைத்தாள்.

கன்டோர் யோசித்தார். "தெரியாது, ஹெர் செல்லையா. அவரைப் பற்றி எழுதி வைச்சிருக்கிறது ஒரு கைப்பிடி."

அன்றிரவு படுத்துக் கிடந்து அந்த மனிதரை நினைத்தேன். ராசா மாறும்போது அவர் ஓர்கன் கதிரையில் இருக்கிறார். பின்னால் அதே சனம். போன மாசம் தன் இங்கிலீஸ் பாட்டைப் பாடிய வாய்கள் அவர்களுக்குத்தான். அதில் எது போய்க் காட்டிக்கொடுக்கும், எது கொடுக்காது? முதுகால் பார்க்க ஏலாது. விரல் நடுங்கினால் பிழையாக வாசிப்பார். நடுங்காமல் வாசித்திருக்கிறார்.

"நித்திரை வரேல்லையோ?" என்றாள் றாணி.

"ஒரு வேல்ஸ்காரரை யோசிக்கிறன்."

"எங்கட டெர்மினை யோசியுங்கோ."

6

கச்சேரி புரட்டாதிக் கடைசியில், ஒரு ஞாயிறு பின்னேரம். ரேடியோவில் போடப் பதிவு செய்ய வந்தார்கள். தரை முழுக்க வயர். கன்டோர் வெள்ளைக் கழுத்துப்பட்டியோடு என்னிடம் வந்தார்.

"ஹீட்டரை நிப்பாட்டுங்கோ, அது உறுமும். கதவு அடிக்கக் கூடாது. உங்கட சப்பாத்து கிறீச்சிடுது, கழட்டுங்கோ."

கழற்றினேன். மேசோடு, வெறும் காலுறையோடு, நின்றேன். மணியைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. ஏன் சொல்வார்? இந்த ஊரில் பிறந்த ஒருவருக்கும் அந்த யோசனை வராது. கச்சேரி கச்சேரி. ஆராதனை ஆராதனை. அவர்களுக்கு அது இரண்டு.

எனக்கு அது தெரியாது. கோயிலில் சனம் இருக்கிறது. போதகர் அங்கி போட்டு வேதம் வாசித்தார். பாட்டு. திரும்ப வேதம். திரும்ப பாட்டு. நான் சின்ன ஜன்னலடியில் என் இடத்தில் நின்றேன்.

பிறகு கன்டோர் கையை உயர்த்தினார். பாடகர்கள் மூச்செடுத்தார்கள். இங்கிலீசில் 'அவர் ஃபாதர்', எங்கள் பிதாவே, என்று தொடங்கியது.

நானூறு வருசத்து மெட்டு. சொல் எங்கள் பள்ளிக்கூடத்துச் சொல். என் கை சுவிச்சைப் போட்டுவிட்டது.

மேலே மோட்டார் இழுத்தது. முதல் அடிக்கு முன் இருக்கிற அந்த அமைதியில் ஜன்னலால் பார்த்தேன். கிரேஸ் இரண்டாம் வரிசை. அவள் கண் கூரைக்குப் போனது. பிறகு ஜன்னலுக்கு, எனக்கு வந்தது. பாடிக்கொண்டே தலையை இல்லை என்று ஆட்டினாள்.

சுவிச்சை அணைத்தேன். அதற்குள் மணி அடித்துவிட்டது.

கன்டோரின் கழுத்து பின்னாலிருந்து சிவந்தது. கை நிற்கவில்லை. ரேடியோக்காரர் ஒருவர் காதுக் கருவியைக் கழற்றினார். நான் அணைத்த சுவிச்சைத் திரும்பத் திரும்ப அமத்தினேன். மணி தன் பாட்டில் அடித்தது.

அப்போது ஃப்ராவ் ஹேகலே தடியை ஊன்றி எழும்பினார். அவருக்குப் பின்னால் வரிசை வரிசையாக எல்லாரும். பாதிப் பேருக்கு இங்கிலீஸ் விளங்காது. மணி விளங்கும். கை கோத்து, ஜேர்மனில் தங்கள் ஜெபத்தை முணுமுணுத்தார்கள். மேலே வேல்ஸ்காரர், கீழே இவர்கள், எல்லாவற்றுக்கும் மேலே மணி. பாட்டு முடிந்த பிறகும் மணி இரண்டு மூன்று தரம் அடித்துத்தான் ஓய்ந்தது.

நான் மேசோடு சுவரில் சாய்ந்து நின்றேன். கால் விறைத்திருந்தது.

முடிந்ததும் கன்டோர் அறைக்குள் வந்தார். கத்தவில்லை. கத்தியிருந்தால் நல்லாயிருந்திருக்கும்.

"ஏன், ஹெர் செல்லையா?"

"நீங்கள் ஜெபம் பாடினீங்கள்."

"அது பாட்டு."

"ஜெபம்," என்றேன்.

அவர் கதிரையில் இருந்து கண்ணைக் கசக்கினார்.

வாசலில் திராட்சைத் தோட்டக்காரர் மற்றவர்களுக்குச் சொல்லிச் சிரித்தார். "கச்சேரியில எழும்பி நிக்க வைச்ச முதல் ஆள் இவர்தான். என்ர இடுப்புக்கு ஆர் பதில் சொல்லுறது?" ஹெர் ரூஃப் சிரிக்கவில்லை. தொப்பியைப் போட்டுக்கொண்டு, எனக்கு வணக்கம் சொல்லாமல் போனார்.

வீட்டுக்குப் போகும் வழியில் கிரேஸ் என்னை விட்டு முன்னால் நடந்தாள். வாசலில் திரும்பி நின்றாள்.

"அப்பா, எல்லாரும் என்னைப் பார்த்தவை. உங்களை இல்லை. என்னை."

7

ஹெர் ரூஃப் எழுத்தில் முறையிட்டார். தவணை முடிவைக் கார்த்திகைக்குத் தள்ளாமல் உடனே எடுக்க வேண்டும் என்றார். ஓய்வு பெற்ற பொலிஸ்காரர் ஒருவர் இருக்கிறாராம். இங்கேயே ஞானஸ்நானம் பெற்றவர், வழக்கம் தெரிந்தவர், மெஸ்னராக வரத் தயார். இதைப் போதகர் என் முகத்தைப் பார்த்துச் சொன்னார். அவர் நல்ல மனிதர். "என்னட்டை ஒரு கைதான் இருக்கு," என்றார்.

றாணி அலுமாரி மேலிருந்த தகரப் பெட்டியை இறக்கினாள். கப்பலில் கொண்டுவந்த பெட்டி. துடைத்தாள். திறந்து வெயிலில் வைத்தாள்.

கிரேஸ் பள்ளிக்கூடத்தால் வந்து பெட்டியைக் கண்டாள்.

"இது ஆருக்கு?"

"காத்துப் பிடிக்க வைச்சனான்," என்றாள் றாணி.

"நான் வரமாட்டன்."

"ஆர் இப்ப உன்னைக் கூப்பிட்டது?"

"எனக்கு அங்க ஆரைத் தெரியும்? எனக்குத் தமிழ் எழுதவும் தெரியாது. அங்க போய் நான் என்ன, பாலர் வகுப்பிலயோ இருக்கிறது?"

அழுதுகொண்டு ஜேர்மனில் இன்னும் ஏதோ சொன்னாள். வேகமாகச் சொன்னாள். எங்களுக்குப் பிடிபடவில்லை. பிடிபடக் கூடாது என்றுதான் அப்படிச் சொன்னாள் போல.

ஊரிலிருந்து மச்சான் எழுதுகிற கடிதங்களும் நல்லதாயில்லை. பெடியளுக்குப் படிப்புக்கு இடம் இல்லை, வேலை இல்லை, பின்னேரத்தில் வெளிக்கிடப் பயம் என்று எழுதுவான். கடைசியில் 'நீங்கள் குடுத்து வைச்சனீங்கள்' என்று முடிப்பான்.

நான் அந்த நாட்களில் கோயிலை இரண்டு மடங்கு கூட்டினேன். பித்தளையைத் துலக்கினேன். சுவிச்சுக்குக் கிட்டப் போகும்போது கையைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டேன். ஞாயிறு ஜெபத்துக்கு அடிக்கத்தானே வேண்டும். அடித்தேன். அடிக்கும்போது ஜன்னலால் ஒன்பது தலைகளையும் தேடினேன். கண்ணை மூடி நிற்கிறவர்களின் முகத்தில் ஒன்றும் எழுதியிருக்காது.

8

கூட்டத்தில் முதலில் பேசியவர் ஹெர் ரூஃப்.

"எனக்கு இந்த மனிசரோட கோபம் இல்லை. ஆனா கோயில் வேலை பழகிப் பார்க்கிற இடம் இல்லை. ரேடியோவுக்கு நாங்கள் என்ன சொல்லுறது?"

கிரேஸ் என் காதுக்குள் தமிழில் சொன்னாள். குரலில் ஒன்றும் இல்லை. அலுவலகத்தில் பேசுகிற குரல்.

கன்டோரிடம் கேட்டார்கள். "ஆறு மாசம் பழக்கினன்," என்றார். கொஞ்சம் பொறுத்து, "வேற ஒண்டும் சொல்ல எனக்கு ஏலாது."

ஃப்ராவ் ஹேகலே தடியால் தரையில் தட்டினார். "நான் எழும்பினன். முழங்காலோட எழும்பினன். அதுக்கு நானும் மன்னிப்புக் கேக்கவேணுமோ, ஹெர் ரூஃப்?"

"உங்களை ஒருத்தரும் ஒண்டும் கேக்கேல்லை."

"கேட்டாலும் கேக்க மாட்டன்."

பல் வைத்தியர் மணிக்கூட்டைப் பார்த்தார். தையற்கார அம்மா மேசை விரிப்பின் ஓரத்தை நகத்தால் நீவிக்கொண்டிருந்தார்.

போதகர் என்னைப் பார்த்தார். "ஹெர் செல்லையா, ஏன் அடிச்சனீங்கள் எண்டு நீங்களே சொல்லுங்கோ."

நான் கிரேஸிடம் தமிழில் சொன்னேன். "ஜெபம் கேட்டது. அடிச்சன்."

இவ்வளவுதான் சொன்னேன். கிரேஸ் எழும்பி நின்று பேசத் தொடங்கினாள். நிறுத்தவில்லை. இந்த ஊர் ஆட்கள் தங்களுக்குள் பேசுகிற பேச்சில் பேசினாள். எனக்குத் துண்டு துண்டாகப் பிடிபட்டது. பள்ளிக்கூடம் என்றாள். கயிறு என்றாள். காலையில் வரிசையில் நிற்கிற பிள்ளைகளைச் சொன்னாள். இங்கிலீசில் தன் அப்பாவுக்குத் தெரிந்தது இந்த ஜெபம் ஒன்றுதான் என்றாள். அந்தப் பள்ளிக்கூடத்தை அவளுக்கு நினைவிருக்க வழியில்லை. நாலு வயதில் வந்தவள். நான் எப்போது இதெல்லாம் சொன்னேன் என்று யோசித்தேன். ஏதோ ஒரு நாள் சொல்லியிருக்கிறேன். காது கொடுக்கவில்லை என்று நினைத்திருந்தேன்.

கடைசியில் நிறுத்தினாள். கதிரையில் இருந்துவிட்டாள்.

ஹெர் ரூஃப் இருமினார். "நல்லது. ஒண்டு கேக்கிறன். திரும்ப ஒரு கச்சேரியில இதே பாட்டைப் பாடினால் என்ன செய்வார்?"

கிரேஸ் எனக்குச் சொன்னாள். சொல்லிவிட்டுத் தன்பாட்டில் சேர்த்தாள். "அப்பா, அடிக்க மாட்டன் எண்டு சொல்லுங்கோ. வேற ஒண்டும் சொல்லாதேங்கோ."

எல்லாரும் என் வாயைப் பார்த்தார்கள். அடிக்க மாட்டேன் என்பதுதான் சரியான பதில். எனக்கும் தெரியும். ஆனால் என் கையை எனக்குத் தெரியும். பொய் சொல்லிவிட்டு அந்தச் சுவிச்சடியில் எப்படி நிற்பது?

எனக்குத் தெரிந்த ஜேர்மனில் நானே சொன்னேன். "முதல் கன்டோரைக் கேப்பன். கேட்டுப்போட்டு அடிப்பன்."

திராட்சைத் தோட்டக்காரர் பெரிதாகச் சிரித்தார். பேக்கரிக்காரரும் சிரித்தார். ஹெர் ரூஃப் முகத்தில் என்ன இருந்தது என்று நான் பார்க்கவில்லை. கிரேஸ் என் சட்டைக் கையைப் பிடித்தாள்.

போதகர் எங்களை வெளியே போய் நிற்கச் சொன்னார். கன்டோரும் வந்தார்.

9

மண்டபக் கதவின் மேல்பாதி கண்ணாடி. வரி வரியான தடித்த கண்ணாடி. உள்ளே இருப்பவர்கள் கறுப்பு உருவமாகத் தெரிவார்கள். யார் எவர் என்று தெரியாது.

கன்டோர் சிகரெட் பற்றவைக்கப் பார்த்தார். நெருப்புக்குச்சி பிடிக்கவில்லை. கிரேஸ் கதவுக்கு முதுகைக் காட்டி நின்றாள். நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

உள்ளே யாரோ பேசினார். நின்றது. நெடுநேரம் ஒன்றும் நடக்கவில்லை.

பிறகு கண்ணாடியில் ஒரு கை எழும்பியது. அதோடு இன்னொன்று. இடப்பக்கம் ஒன்று. அதற்குப் பிறகு ஒன்று. நாலு. நாலோடு நின்றது. றாணி துடைத்து வைத்த பெட்டி கண்ணுக்கு முன்னால் வந்தது. தூக்கிய கையை இறக்கிவிடுவார்கள் என்று நினைத்தேன்.

ஒரு கை மெதுவாக எழும்பியது. பாதியில் நின்றது. பிறகு முழுக்க உயர்ந்தது.

கதவைத் திறந்தவர் பேக்கரிக்காரர். எல்லாரும் எழும்பி வந்து கை தந்தார்கள். வாழ்த்துச் சொன்னார்கள். பல் வைத்தியர் கை தந்தார். தையற்கார அம்மா தந்தார். ஹெர் ரூஃபும் தந்தார். அவருடைய கை சூடாக இருந்தது. ஒன்பது பேரும் ஒரே மாதிரிச் சிரித்தார்கள்.

கன்டோர் படியிறங்கும்போது சொன்னார். "அடுத்த முறை பாடேக்கை உங்களைக் கேட்டுப்போட்டுத்தான் தொடங்குவன்." அது பகிடியா என்று எனக்கு இன்றும் தெரியாது.

றாணி பெட்டியைத் திரும்ப அலுமாரி மேலே ஏற்றினாள். உள்ளே குளிர்காலப் போர்வையை வைத்தாள். பூட்டவில்லை. இப்போதும் பூட்டுவதில்லை. கிரேஸ் படித்து முடித்து இப்போது ஆஸ்பத்திரியில் வேலை பழகுகிறாள். வேறு ஊரில் அறை எடுத்து இருக்கிறாள். தொலைபேசியில் என்னோடு தமிழில் தொடங்கி ஜேர்மனில் முடிக்கிறாள். அன்றைக்கு அங்கே என்ன பேசினாய் என்று ஒரு தடவை கேட்டேன். "மறந்துபோச்சு, அப்பா," என்றாள்.

நான் இன்னும் மெஸ்னர். ஞாயிறு காலையில் கதவைத் திறந்து வாசலில் நிற்கிறேன். ஒவ்வொருவராக வந்து கை தருகிறார்கள். நான் முகத்தைப் பார்ப்பதில்லை. கையைப் பார்க்கிறேன். பாதி விரல் இல்லாத கை, மாவுக் கை, தடி பிடிக்கிற கை. இதுவாயிருக்கும், அதுவாயிருக்கும் என்று ஒவ்வொரு ஞாயிறும் கணக்கு மாறுகிறது. ஒருவரிடமும் கேட்டதில்லை. கேட்கப் பயம்.

ரேடியோவில் அந்தப் பாட்டைக் கேட்டபோது அந்த முணுமுணுப்பில் குரல்களைப் பிரித்துப் பார்க்க முயன்றேன். ஏலவில்லை. வேல்ஸ்காரருக்கும் இதுதான் நடந்திருக்கும். ராசா மாறினாலும் வாசலால் வருகிற சனம் அதே சனம்.

வாசலில் எனக்குக் கிடைக்கிற கை ஒன்பது. அன்று உயராத கை நான்கு.